இரண்டு முறை தத்துப்போன பூனை

நான் வீடு பார்க்கப் போகிறவள். பூனைக்கு வீடு. சிங்கப்பூரில் ஒரு சிறிய விலங்குக் காப்பகத்தில் எட்டு ஆண்டுகளாக வார இறுதித் தொண்டூழியராக இருக்கிறேன். யாராவது பூனை கேட்டு விண்ணப்பித்தால், தொலைபேசியில் பேசி முடித்த பிறகு அவர்கள் வீட்டுக்கு ஒருவர் நேரில் போய்ப் பார்த்து வர வேண்டும். அந்த வேலை என்னுடையது. போகிற இடத்திலெல்லாம் காப்பி கொடுப்பார்கள், முறுக்கு வைப்பார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் பேச்சோடு பேச்சாகச் சமையலறையை எட்டிப் பார்ப்பதுபோல, நான் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னல்களை எண்ணுவேன்.

இந்தக் குறிப்பு ஒரே ஒரு பூனையைப் பற்றியது. 2022 செப்டம்பரில் ஒரு வீட்டுக்குப் போனது, 2023 பிப்ரவரியில் திரும்பி வந்தது, 2024 நவம்பரில் வேறொரு வீட்டுக்குப் போனது. இரண்டு வீட்டையும் பார்த்துச் சரி என்று எழுதிக் கொடுத்தது நான்தான். முதல் தடவை நான் எதைப் பார்க்காமல் விட்டேன் என்பது எனக்கே புரிய வெகுநாள் ஆனது. குடும்பங்களின் அடையாளம் எதையும் சொல்லப் போவதில்லை. பூனைக்கு ஆட்சேபம் இருக்காது என்பதால் அதன் பெயர் மட்டும் உண்மையானது.

கோப்பில் இருந்தவை

ஆண். சாம்பல் வரி, வெள்ளை நெஞ்சு. பிறந்தது 2021இன் தொடக்கமாக இருக்கலாம். வால் பாதியிலேயே மடங்கி ஒரு முடிச்சு போட்டதுபோல இருக்கும். அடிபட்ட வால் என்று பலர் பரிதாபப்படுவார்கள், ஆனால் இந்தப் பக்கத்துப் பூனைகளில் நிறையவற்றுக்குப் பிறவியிலேயே வால் இப்படித்தான். இடது காதின் நுனி நேர்க்கோட்டில் வெட்டப்பட்டிருக்கும். சிங்கப்பூரில் அதற்கு அர்த்தம், கருத்தடை ஆன தெருப்பூனை, மறுபடி பிடிக்க வேண்டாம் என்பது.

கருத்தடை செய்து பிடித்த இடத்திலேயே கொண்டுபோய் விடுவதாகத்தான் திட்டம். ஆனால் இவன் ஆட்கள் பின்னாலேயே போய் லிஃப்டில் ஏறிக்கொள்கிற பூனை. ஒன்பதாவது மாடியில் இறங்கி வழி தெரியாமல் கத்துவான், யாராவது கீழே கொண்டுவந்து விடுவார்கள், மறுநாள் மறுபடி ஏறுவான். அந்த அடுக்குமாடி புளோக்கின் கீழே பூனைகளுக்குச் சோறு வைக்கிற ஆன்ட்டி ஒருவர் மூன்று வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு எங்களைக் கூப்பிட்டார். காப்பகத்தில் அவனுக்கு வைத்த பெயர் போபோ.

மனிதரிடம் ஒட்டும் பூனையும் ஒட்டாத பூனையும் பிரிவது பிறந்த இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரத்துக்குள். அந்த நாட்களில் கை பட்டு வளர்ந்த குட்டி பிறகு யார் மடியிலும் உட்காரும். கை படாமல் போனால், பிற்பாடு எவ்வளவு கொஞ்சினாலும் ஒரு முழ தூரம் தள்ளியே நிற்கும். போபோவை அந்த வாரங்களில் யாரோ தூக்கி வைத்துக் கொஞ்சியிருக்கிறார்கள். பிறகு யாரோ கீழே விட்டுவிட்டும் போயிருக்கிறார்கள். இரண்டும் ஒரே ஆளாகவும் இருக்கலாம்.

முதல் வீடு

இளம் தம்பதி, ஏழாவது மாடி, மூவறை வீடு. இருவரும் வீட்டிலிருந்தே வேலை பார்த்தார்கள். என் படிவத்தில் உள்ள கேள்விகளுக்கு அவர்கள் சொன்ன பதில்களை வேறு விண்ணப்பதாரர்களுக்குப் பாடமாகவே கொடுக்கலாம். படுக்கையறை, வரவேற்பறை, சமையலறை மூன்றிலும் ஜன்னலுக்கு வலை அடித்திருந்தார்கள். நானே இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. போபோ போன அன்று மாலையே அவர்கள் அனுப்பிய படத்தில் சோபாவில் தலைகீழாகக் கிடந்தான்.

வாசல் கதவை நான் பார்த்தேன், ஆனால் மூடிய கதவாகப் பார்த்தேன். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளைத் தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. மரக்கதவுக்கு வெளியே கம்பிக் கதவு ஒன்று உண்டு. மாலையில் காற்றுக்காக மரக்கதவைத் திறந்து வைத்துக் கம்பிக் கதவை மட்டும் பூட்டிக்கொள்வது இங்கே பாதி ஊரின் வழக்கம். அந்தக் கம்பிகளுக்கு நடுவே மனிதக் கை நுழையும். கை நுழைகிற இடத்தில் பூனை நுழையும். நான் போனது மதியம் இரண்டு மணிக்கு, குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருந்த நேரம். மாலை ஏழு மணிக்கு அந்த வீடு எப்படி இருக்கும் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

போபோ வெளியே போனான். பழைய வழக்கப்படி லிஃப்டைத் தேடிப் போய், வழியில் பக்கத்து வீட்டுச் செருப்பு அலமாரியில் சிறுநீர் கழித்தான். முதல் தடவை மன்னிப்பு கேட்டார்கள். இரண்டாவது தடவை பழம் வாங்கிக் கொடுத்தார்கள். மூன்றாவது தடவை பக்கத்து வீட்டுக்காரர் புகார் எழுதினார். அதற்குப் பிறகு வந்த கடிதம் செருப்பைப் பற்றிப் பேசவில்லை. வீட்டில் பூனை இருக்கக் கூடாது என்றது.

விதியும் காப்பகமும்

சிங்கப்பூருக்கு வெளியே இருப்பவர்களுக்கு இது விநோதமாகத் தெரியும் என்பதால் கொஞ்சம் விளக்குகிறேன். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீடுகளில் 1989 முதல் 2024 வரை பூனை வளர்க்கத் தடை இருந்தது. அங்கீகரிக்கப்பட்ட சிறு இன நாய் ஒன்று வைத்துக்கொள்ளலாம், பூனை கூடாது என்றிருந்தது. பூனையை வீட்டுக்குள் அடைத்து வைப்பது கடினம், பொது இடத்தில் அசுத்தம் செய்யும், முடி உதிரும், இரவில் கத்தும் என்பவை காரணங்களாகச் சொல்லப்பட்டன. மீறினால் 4,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம். இந்த நாட்டில் ஏறத்தாழப் பத்தில் எட்டுப் பேர் வாழ்வது இந்த வீடுகளில்தான்.

ஒரு காப்பகத்தின் நாற்காலியில் உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பூனை கேட்டு வருகிற பத்துப் பேரில் எட்டுப் பேருக்குக் கொடுப்பது அன்றைய விதிப்படி தப்பு. மிச்ச இரண்டு பேரை மட்டும் நம்பினால் கூண்டுகள் காலியாகாது. ஆகவே எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டோம். விதியும் இருந்தது, ஆயிரக்கணக்கான வீடுகளில் பூனைகளும் இருந்தன. பக்கத்து வீட்டோடு சண்டை வராத வரையில் ஒன்றும் ஆகாது. வந்தால், காரணம் எதுவானாலும், தீர்ப்பு ஒன்றுதான்: பூனை வெளியே. வலை அடித்த வீட்டுக்கும் அடிக்காத வீட்டுக்கும் வித்தியாசமே இல்லை. கம்பிக் கதவுக்கு ஒரு வலை அடித்தால் தீர்ந்துபோகும் பிரச்சினைக்குக்கூட அந்தத் தீர்வைச் சொல்ல ஆள் கிடையாது, ஏனென்றால் சொல்வதென்றால் முதலில் பூனை அங்கே இருப்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

நிலைமை எப்போதுமே இப்படி உறைந்து கிடந்தது என்று சொல்ல முடியாது. 1998இல் தெருப்பூனைகளுக்குக் கருத்தடை செய்து பராமரிக்கும் அரசுத் திட்டம் ஒன்று வந்தது. 2003இல் சார்ஸ் தொற்றுநோய்க் காலத்தில் அது நின்று, பிடித்துக் கொல்வது மறுபடி வேகம் எடுத்தது. அந்த ஆண்டைப் பற்றி மூத்த தொண்டூழியர்கள் இன்றும் சத்தமாகப் பேச மாட்டார்கள். 2012 அக்டோபரில் சோங் பாங் வட்டாரத்தில் ஒரு முன்னோடித் திட்டம் தொடங்கியது. கருத்தடை, மைக்ரோசிப் (தோலுக்கு அடியில் வைக்கும் அடையாளச் சில்லு), ஜன்னல் வலை மூன்றும் இருந்தால் அங்கே வீவக வீட்டில் பூனை வைத்துக்கொள்ளலாம். நாங்கள் பொறாமையோடு பார்த்துக்கொண்டிருந்தோம். 2022இல் அரசாங்கம் நாடு முழுவதும் கருத்துக் கேட்டபோது ஏறத்தாழ 30,000 பேர் பதில் சொன்னார்கள். பத்தில் ஒன்பது பேர் பூனை வீவக வீட்டுக்கும் ஏற்ற பிராணிதான் என்றார்கள்.

போபோ திரும்பி வந்தது அந்தக் கருத்துக்கணிப்பு முடிந்து சில மாதங்களில். இன்னும் பத்தொன்பது மாதம் தள்ளி அந்தக் கடிதம் வந்திருந்தால் அது வேறு மாதிரி எழுதப்பட்டிருக்கும்.

திருப்பிக் கொண்டுவந்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பெண் கூண்டுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து அரை மணி நேரம் அழுதார். பூனையைத் தெருவில் விட்டுவிட்டுப் போவது இங்கே குற்றம், 10,000 வெள்ளி வரை அபராதம், ஓராண்டு வரை சிறை. இருந்தும் விடுகிறவர்கள் உண்டு. காப்பகத்துக்கே திரும்பக் கொண்டுவருகிறவர்களிடம் நாங்கள் முகம் சுளித்தால், அடுத்த ஆள் புளோக்கின் திறந்த கீழ்த்தளமான வாய்ட் டெக்கில் இறக்கிவிட்டுப் போவார்.

இருபத்தொரு மாதம்

திரும்பி வந்த ஐந்தாம் நாள் போபோ தும்ம ஆரம்பித்தான். ஒரு கண் ஒட்டிக்கொண்டது. புதிதாகத் தொற்றியது என்று பார்ப்பவர்கள் நினைப்பார்கள், பெரும்பாலும் அப்படி இல்லை. பூனை ஹெர்ப்பிஸ் வைரஸ் குட்டியில் ஒருமுறை வந்தால் நரம்புகளில் போய்ப் படுத்துக்கொள்ளும். இடம் மாறினால், பயந்தால், சுமார் ஒரு வாரத்தில் எழுந்து வரும். தெருவில் பிறந்த பூனைகளில் இதைச் சுமக்காததைத் தேடத்தான் வேண்டும்.

மருந்தோடு கூட நாங்கள் செய்தது ஒரே காரியம்: கூண்டுக்குள் ஓர் அட்டைப்பெட்டி வைத்தோம். நெதர்லாந்தில் 2014இல் வெளியான ஓர் ஆய்வு, காப்பகத்துக்குப் புதிதாக வந்த 19 பூனைகளில் சிலவற்றுக்கு மட்டும் ஒளிந்துகொள்ளப் பெட்டி கொடுத்துப் பார்த்தது. பெட்டி கிடைத்தவை வெகு சீக்கிரம் அடங்கின. சின்ன ஆய்வுதான். ஆனால் தினமும் கூண்டு கழுவுகிறவர்களுக்கு அது முன்பே தெரிந்த விஷயம். சங்கடம் என்னவென்றால், பெட்டிக்குள் ஒளிந்த பூனையைப் பார்க்க வருகிறவர்களால் பார்க்க முடியாது. பார்க்க முடியாத பூனையை யாரும் கேட்பதில்லை. பெட்டியை எடுத்துவிடலாமா என்று எங்களுக்குள் இரண்டு முறை விவாதம் நடந்தது. எடுக்கவில்லை.

அவன் கூண்டைத் தாண்டிக் குட்டிகள் போய்க்கொண்டே இருந்தன. குளிர்நாடுகளில் பூனைக்கு இனப்பெருக்கப் பருவம் உண்டு, பகல் நீளும்போது தொடங்கி, சுருங்கும்போது அடங்கும். பூமத்திய ரேகைக்கு அருகில் பகல் நீளுவதும் இல்லை, சுருங்குவதும் இல்லை. ஆகவே எங்களுக்கு ஆண்டு முழுக்கக் குட்டிதான். ஒன்பது வாரத்தில் ஈன்றுவிடும், குட்டிக்கு ஐந்து மாதம் ஆவதற்குள் அதுவே சினைப்பட முடியும். வருகிற பத்துக் குடும்பத்தில் ஒன்பது, குட்டி வேண்டும் என்றுதான் வருகின்றன. இரண்டு வயது தாண்டிய பூனையைக் காட்டினால் மரியாதையாக ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, ‘குட்டி இல்லையா?’ என்பார்கள்.

2024 செப்டம்பர் 1 அன்று தடை நீங்கியது. வீவக வீட்டுக்கு இரண்டு பூனை வரை. ஒவ்வொன்றுக்கும் உரிமம், மைக்ரோசிப். வளர்ப்பவர் இணையத்தில் இலவசப் பாடம் ஒன்றை முடிக்க வேண்டும். பூனை வெளியே திரியாமலும் விழாமலும் இருக்க வலை போன்ற ஏற்பாடு செய்ய வேண்டும். 2026 ஆகஸ்ட் 31 வரை இடைக்காலம், அதற்குள் விண்ணப்பித்தால் உரிமத்துக்குக் கட்டணம் இல்லை. ஏற்கெனவே இரண்டுக்கு மேல் வைத்திருந்தவர்கள் இந்தக் காலத்துக்குள் உரிமம் எடுத்தால் எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளலாம். கருத்தடையைக் கட்டாயமாக்கவில்லை, ஊக்குவித்ததோடு நின்றுகொண்டார்கள். அது எனக்கு இன்னும் ஒப்பவில்லை, ஆனால் அந்த வாதம் இங்கே வேண்டாம்.

இரண்டாவது வீடு

நவம்பரில் ஒரு தமிழ்க் குடும்பம் வந்தது. அப்பா, அம்மா, உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் மகள், தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து நாற்பது வருடத்துக்கு முன் வந்த பாட்டி. மகளுக்கு ஆரஞ்சு நிறக் குட்டி ஒன்று வேண்டும். கைப்பேசியில் அதன் காணொளியைச் சேமித்து வைத்திருந்தாள். அம்மாவுக்குச் சம்மதம். அப்பாவுக்கு அபிப்பிராயம் கிடையாது. பாட்டிக்கு மட்டும் நிறைய அபிப்பிராயம்.

“பூனை மயிரு வயித்துக்குள்ள போனா இழுப்பு வரும்னு எங்க ஊர்ல சொல்லுவாங்கம்மா.”

முடி வயிற்றுக்குள் போய் இழுப்பு வராது. ஆனால் பூனையால் சிலருக்கு இழுப்பு வருவது நிஜம். பூனையின் எச்சிலிலும் தோலிலும் சுரக்கும் ஒரு புரதம்தான் காரணம். நக்கி நக்கி அது முடியில் ஒட்டிக் காற்றில் பரவுகிறது. பாட்டி சொன்னதில் பாதி சரி என்று நான் சொன்னதும் அவர் முகம் கொஞ்சம் இளகியது. குடும்பத்தில் யாருக்கும் ஆஸ்துமா இல்லை. ஒரு மணி நேரம் பூனை அறையில் உட்கார வைத்தேன், யாரும் தும்மவில்லை.

குட்டி வேண்டாம் என்று அவர்களை நானே திருப்பினேன். தனிக் குட்டியைப் பகல் முழுக்க ஆள் இல்லாத வீட்டுக்குக் கொடுத்தால், அதற்கு விளையாட்டுத் துணை பாட்டியின் கணுக்கால்தான். இன்னொரு குட்டியோடு வளர்ந்தால் எவ்வளவு கடித்தால் வலிக்கும் என்பதை ஒன்றுக்கொன்று கற்றுக்கொள்ளும். அதனால்தான் குட்டிகளை நாங்கள் ஜோடியாகத்தான் கொடுப்போம். எழுபத்தைந்து வயதில், இருட்டில் காலுக்குள் ஓடும் இரண்டு குட்டிகளோடு பாட்டி எப்படி நடப்பார் என்று அம்மாவிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை.

போபோவின் கூண்டு அப்போது தற்செயலாக எங்களுக்குப் பின்னால் இருந்தது. அவன் பெட்டியை விட்டு வரவில்லை, யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை. பூனைதான் ஆளைத் தேர்ந்தெடுக்கும் என்று எழுதுகிறார்களே, எட்டு வருடத்தில் நான் அதை நாலைந்து தடவைகூடப் பார்த்ததில்லை. மகள் கூண்டில் தொங்கிய அட்டையைச் சத்தமாக வாசித்துத் தமிழில் பாட்டிக்குச் சொன்னாள். பாட்டி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “ஏன் திருப்பிக் கொண்டாந்து விட்டாங்க?”

நடந்ததைச் சொன்னேன். என் கம்பிக் கதவுத் தவறையும் சேர்த்தே சொன்னேன். பாட்டி பெட்டிக்குள் தெரிந்த மடங்கிய வாலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “கதவு சரியா இருந்திருந்தா அது அங்கயே இருந்திருக்கும்” என்றார். அதற்குப் பிறகு குட்டிப் பேச்சு வரவில்லை.

சமையலறை ஜன்னல்

இந்தத் தடவை மாலை ஏழரைக்குப் போனேன். பதினொன்றாவது மாடி. நினைத்தபடியே மரக்கதவு திறந்திருந்தது, கம்பிக் கதவு பூட்டியிருந்தது. கம்பிக் கதவுக்குக் கீழிருந்து தோள் உயரம் வரை பிளாஸ்டிக் பூச்சுள்ள கம்பிவலையைக் கேபிள் டையால் கட்டுவது என்று முடிவு செய்தோம். தோள் உயரம் போதாது, ஏறிவிடும் என்று மறுவாரம் முழு உயரமாக மாற்றினோம்.

வரவேற்பறையில் மெல்லிய எஃகுக் கம்பிகள் செங்குத்தாக இழுத்துக் கட்டிய ‘கண்ணுக்குத் தெரியாத கம்பி’ போட்டிருந்தார்கள். குழந்தைக்கு அது பாதுகாப்பு. பூனை இரண்டு கம்பிக்கு நடுவே தலையை விட்டுத் தள்ளினால் கம்பி வளைந்து கொடுக்கும். தலை போனால் உடம்பு போகும். அதன் மேல் வலை அடிக்கச் சொன்னேன். அழகு கெடுகிறது என்று அப்பா முதன்முறையாக ஓர் அபிப்பிராயம் சொன்னார்.

‘பூனைக்கு ஒன்பது உயிர், விழுந்தாலும் நாலு காலில் நிற்கும்’ என்று இந்த இடத்தில் யாராவது சொல்லாமல் இருக்க மாட்டார்கள். நியூயார்க்கில் 1984இல் ஐந்து மாதத்தில் மாடியிலிருந்து விழுந்து ஒரு மருத்துவமனைக்கு வந்த 132 பூனைகளைப் பற்றிய ஆய்வு உலகப் புகழ்பெற்றது. 90 விழுக்காடு பிழைத்தன என்பது அதன் முடிவு. அது மருத்துவமனைக்குத் தூக்கி வரப்பட்ட பூனைகளின் கணக்கு. விழுந்த இடத்திலேயே செத்ததை யாரும் டாக்டரிடம் கொண்டுபோவதில்லை. அந்தச் செய்திகள் எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு வரும்.

உண்மையான பிரச்சினை சமையலறையில் இருந்தது. அந்தப் பழைய புளோக்கில் துணி காயப்போட ஜன்னலுக்கு வெளியே குழாய்கள் பொருத்தியிருக்கிறார்கள். ஈரத்துணி கோத்த நீளமான மூங்கில் கழியை ஜன்னல் வழியாக நீட்டி அந்தக் குழாயில் சொருக வேண்டும். ஆக தினமும் ஒருமுறை ஜன்னல் முழுசாகத் திறந்தே ஆக வேண்டும். நிரந்தர வலை அடித்தால் துணி காயாது. அடிக்காவிட்டால் பூனை போய்விடும். இதற்குப் பொதுவான பதில் கிடையாது. சில வீடுகளில் காந்தப் பட்டையில் ஒட்டும் வலை போடுகிறார்கள், நாலு கிலோ பூனை பாய்ந்தால் அது பிய்ந்துகொண்டு வரும். சிலர் துணியை முழுக்க உள்ளே மாற்றிவிடுவார்கள். பாட்டி அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. வெயிலில் காயாத துணி நாறும் என்பது அவர் கட்சி, அதை மறுக்க என்னால் முடியவில்லை.

கடைசியில் மரச்சட்டத்தில் வலை அடித்து, கீல் வைத்து, உள்பக்கம் இரண்டு தாழ்ப்பாள் போட்ட சின்னக் கதவு ஒன்றைச் செய்தார்கள். அதோடு ஒரு விதி: துணி போடும் பத்து நிமிடமும் சமையலறைக் கதவு சாத்தியிருக்க வேண்டும், சாத்துவதற்கு முன் பூனை வெளியே இருப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும். விதியைக் காகிதத்தில் எழுதிக் குளிர்பெட்டியில் ஒட்டியது மகள். இதையெல்லாம் முடிக்க மூன்று வாரம் ஆனது. நான் மூன்று தடவை போனேன், மூன்று தடவையும் முறுக்கு சாப்பிட்டேன். நாலாவது தடவை கூண்டோடு போனேன்.

தத்தெடுப்புக் கட்டணம் வாங்கினோம். கருத்தடைக்கும் தடுப்பூசிகளுக்கும் நாங்கள் செலவழித்ததில் ஒரு பகுதி அதில் திரும்பி வரும். மைக்ரோசிப் அம்மாவின் பெயருக்கு மாறியது, உரிமம் இரண்டு நாளில் கிடைத்தது. எங்கள் ஒப்பந்தத்தில் ‘ஜன்னலுக்கு வலை அடிப்பேன்’ என்ற வரி ஆரம்பத்திலிருந்தே உண்டு. முன்பெல்லாம் வீட்டில் இருக்கவே கூடாத பூனைக்கு வலை அடிக்கச் சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தோம். அந்தக் காகிதத்தை நீட்டும்போது கை கூசாமல் இருந்தது அன்றுதான்.

நூலும் மீனும்

முதல் வாரம் மகளின் அறைதான் அவன் உலகம். கட்டிலுக்கு அடியில் பெட்டி, ஒரு மூலையில் மணல்தட்டு, எதிர்மூலையில் சாப்பாடு. யாரும் குனிந்து பார்க்கக் கூடாது, இழுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தேன். ஒன்றரை நாள் அவன் சாப்பிடவில்லை. நாயைப் போலப் பூனையைப் பட்டினியாக விட்டுப் பார்க்க முடியாது. இரண்டு மூன்று நாள் தொடர்ந்து சாப்பிடாவிட்டால் உடம்புக் கொழுப்பு கல்லீரலில் போய்ச் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும். இரண்டாம் நாள் இரவு பாட்டி ஒரு மத்தி மீனை உப்பில்லாமல் வேகவைத்து, முள் எடுத்து, கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். காலையில் தட்டு காலி. குழம்பு மீனைக் கொடுத்துவிடுவாரோ என்று எனக்குப் பயம் இருந்தது. வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். கேட்டபோது, “குழம்புல போட்டத அதுக்கு எதுக்குக் குடுக்கப் போறேன், நமக்கே பத்தாது” என்றார்.

ஆறாம் நாள் தும்மினான். எதிர்பார்த்ததுதான், முன்கூட்டியே சொல்லி வைத்திருந்ததால் யாரும் பதறவில்லை. போபோவுக்கு முறுக்கு என்ற புதுப்பெயர் அந்த வாரத்தில்தான் வந்தது. வாலைப் பார்த்து அப்பா வைத்த பெயர்.

ஜனவரியில் பொங்கலுக்கு மறுநாள் இரவு பதினொரு மணிக்கு அம்மா கூப்பிட்டார். முறுக்கு வாயைக் காலால் பிறாண்டிக்கொண்டே இருக்கிறான், எச்சில் வடிகிறது. வாயைத் திறக்க முடிந்தால் நாக்குக்கு அடியில் பாருங்கள் என்றேன். வெள்ளை நூல் ஒன்று நாக்கின் அடியில் மாட்டி உள்ளே போயிருந்தது. லிட்டில் இந்தியாவின் தேக்காவில் வாங்கிய மல்லிகைச் சரம். சாமி படத்தில் இருந்து வாடியதை எடுத்து மேசையில் வைத்திருந்தார்கள். மல்லிகையால் பூனைக்கு ஒன்றும் இல்லை, நூல்தான் எமன். ஒரு முனை நாக்கில் மாட்டிக்கொள்ள மறுமுனை குடலில் இறங்கினால், குடல் அதைத் தள்ளப் பார்த்து நாடாவில் சுருக்கு விழுந்ததுபோலத் தன்னையே மடித்துக்கொள்ளும், நூல் குடல் சுவரை அறுக்கும். அப்பா அதற்குள் நூலைப் பிடித்திருந்தார். இழுக்கவே கூடாது, விடுங்கள் என்று நான் கத்தியதில் என் வீட்டில் எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

இரவு நேர மருத்துவமனைக்கு டாக்சியில் போனார்கள். நூல் இரைப்பையைத் தாண்டவில்லை. மயக்கம் கொடுத்து, குழாய்க் கருவியை வாய் வழியாக விட்டு எடுத்துவிட்டார்கள், வயிற்றை வெட்ட வேண்டியிருக்கவில்லை. பில் நான்கு இலக்கம். ஆறு மணி நேரம் தாமதித்திருந்தால் அறுவைதான் என்று மருத்துவர் சொன்னாராம்.

எட்டு வருடமாக நான் வைத்திருக்கும் படிவத்தில் லில்லி மலர் இருக்கிறது (சிறுநீரகத்தைக் கொன்றுவிடும்), பாராசிட்டமால் மாத்திரை இருக்கிறது, தையல் நூல் இருக்கிறது. பூச்சரம் இல்லை. நானும் தமிழச்சிதான், என் வீட்டிலும் வெள்ளிக்கிழமை பூ வருகிறது, இருந்தும் இல்லை. அந்தப் படிவத்தை முதலில் எழுதியவர் வீட்டில் பூச்சரம் இருந்திருக்காது. இப்போது சேர்த்துவிட்டோம். அந்த வீட்டில் பூ எவர்சில்வர் டப்பாவுக்குள் போய்விட்டது. சாமி படத்துக்கு உதிரிப்பூ.

பிறகு

எதிர்வீட்டு சீன ஆன்ட்டி மார்ச்சில் ஒருநாள் கதவைத் தட்டினார். விடியற்காலை நாலு மணிக்குப் பூனை கத்துகிறது, தூங்க முடியவில்லை என்றார். முதல் வீட்டில் எல்லாம் முடிந்துபோனது இப்படித் தொடங்கித்தான். அம்மா எனக்குச் செய்தி அனுப்பியபோது எனக்கு உள்ளங்கை வியர்த்தது. ஆனால் இந்தத் தடவை மறைக்க எதுவும் இல்லை. உள்ளே அழைத்துப் பூனையைக் காட்டியிருக்கிறார்கள். முறுக்கு வழக்கம்போல சோபாவுக்கு அடியில் போய்விட்டான். படுக்கப் போகும் முன் மகள் கால் மணி நேரம் விளையாட்டுக் காட்டிச் சாப்பாடு வைப்பது, நாலு மணிக்குத் தானாகத் திறக்கும் தட்டு ஒன்று வாங்குவது என்று ஏற்பாடு. பத்து நாளில் சத்தம் குறைந்தது. முழுசாக நின்றதா என்று கேட்டேன். “ஆன்ட்டிக்குக் கேக்கல, எங்களுக்குக் கேக்குது” என்றார் அம்மா.

மே மாதம் ஆறு மாதச் சோதனைக்குப் போனேன். எடை நாலு கிலோ எழுநூறு, கொஞ்சம் கூடுதல். பாட்டியின் மத்தி மீன் இன்னும் நடக்கிறது என்று புரிந்தது, வாரம் ஒருமுறையோடு நிறுத்தச் சொன்னேன். சரி என்றார், நிறுத்த மாட்டார். சமையலறைச் சட்டத்தின் தாழ்ப்பாள் ஒன்று துருப்பிடித்து இறுகியிருந்தது, எண்ணெய் போட்டோம். கம்பிக் கதவு வலையில் கீழ்வரிசைக் கேபிள் டைகள் மூன்றை முறுக்கு மென்று துப்பியிருந்தான், ஒரு மூலை லேசாக மடங்கித் தொங்கியது. என் பையில் எப்போதும் ஒரு கட்டு இருக்கும். மகள் வலையைப் பிடித்துக்கொள்ள, நான் புதிதாக மூன்று கட்டிவிட்டு, மிச்சத்தைப் பாட்டியிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.